சின்னப் பிள்ளைகளோடு பண்டிகை: கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்

மூன்று வயதுப் பிள்ளையை உட்காரவைத்துக் கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே அது எழுந்து ஓடிவிடும். அதே பிள்ளையிடம் ஒரு களிமண் ஆட்டுக்குட்டியைக் கொடுத்து, "இதக் கொண்டுபோய்க் குடில்ல வைங்க சாமி, பையப் போங்க, ஒடஞ்சுரும்" என்று சொல்லிப் பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் வைக்கும். அடுத்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் "என் ஆட்டுக்குட்டி எங்கே" என்று அதுவே கேட்கும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஒவ்வொரு பண்டிகையிலும் பிள்ளைக்கு என்று ஒரு வேலை இருக்க வேண்டும், வருஷா வருஷம் அதே வேலை இருக்க வேண்டும், கோணலாகச் செய்தாலும் பெரியவர்கள் நடுவில் புகுந்து பிடுங்கக் கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் செய்யாதீர்கள். இன்ஸ்டாகிராமில் பார்க்கிறதையெல்லாம் வீட்டில் இறக்கினால் அம்மாவுக்கு இடுப்பு வலிதான் மிஞ்சும். வருஷம் முழுவதற்கும் நாலைந்து வழக்கங்கள் போதும், மற்றதைச் சபை பார்த்துக்கொள்ளும். "இப்படித்தான் கொண்டாட வேண்டும்" என்று யாராவது பெரியவர்கள் அதட்டினாலும் ரொம்பப் பயப்பட வேண்டாம். நம் கொங்குப் பக்கத்தில் லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827-இல், கோயம்புத்தூருக்கு வந்தது 1830-இல். கத்தோலிக்கர்களுக்குக் கருமத்தம்பட்டிப் பக்கம் அதைவிட ரொம்பப் பழைய வேர் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் நம் வீட்டுப் பண்டிகை என்பது மிஷனரி கொண்டுவந்தது பாதி, நம் ஆத்தாவும் (அப்பாவின் அம்மா) அம்மாயியும் (அம்மாவின் அம்மா) தோட்டத்து வீட்டிலிருந்து சேர்த்தது பாதி. நீங்களும் கொஞ்சம் சேர்க்கலாம், குற்றமில்லை.

திருவருகைக் காலம்: ஊதி அணைக்கிற வேலை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள்தான் ஆட்வென்ட். முதல் ஞாயிறு எப்போதும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும். ஆலயத்தில் பச்சை வளையத்தில் நான்கு மெழுகுவத்தி வைத்திருப்பார்கள். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம், ரோஜா நிறத்தை மூன்றாம் ஞாயிறு ஏற்றுவார்கள். வீட்டுக்கு அந்தப் பிளாஸ்டிக் இலை வளையம் வேண்டாம், தீப்பிடிக்கும். ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் இரண்டு அங்குலம் ஆற்று மணலைப் பரப்பி நான்கு மெழுகுவத்திகளை நட்டால் சாயாது, மெழுகு ஒழுகினாலும் மணலோடு போய்விடும். கலர் மெழுகுவத்தி கிடைக்கவில்லை என்றால் வெள்ளையிலேயே அடியில் கலர் காகிதம் சுற்றிக்கொள்ளலாம்.

ஞாயிறு சாயங்காலம் பவானி ஜமுக்காளத்தை விரித்து எல்லோரும் உட்காருங்கள். ஏற்றுவது அப்பாரு (அப்பாவின் அப்பா) அல்லது ஆத்தாவின் வேலை. அணைப்பது பிள்ளையின் வேலை. ஏற்றுகிற வேலையைவிட ஊதுகிற வேலைதான் அவர்களுக்குப் பிடிக்கிறது, நெருப்புக்குப் பக்கத்தில் கையையும் கொண்டு போக வேண்டாம். இதில் பெரியவர்களுக்கும் ஒரு லாபம் உண்டு. ஊதுவதற்காகக் காத்திருக்கிற பிள்ளை நெளிய ஆரம்பித்தால் ஜெபம் நீளமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு கீர்த்தனையில் ஒரு சரணம், மூன்று வரி ஜெபம், ஊது, முடிந்தது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் அடுத்த ஞாயிறு பிள்ளை ஜமுக்காளத்தைப் பார்த்ததுமே ஓடும்.

நெருப்பே வேண்டாம் என்று பேட்டரி மெழுகுவத்தி வாங்குபவர்கள் கவனியுங்கள். அதற்குள் இருப்பது பட்டன் பேட்டரி. அதை முழுங்கிய பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டால் நிஜ மெழுகுவத்தியே மேல்.

குடில்: சோளத்தட்டும் காங்கேயம் காளையும்

கடையில் பிளாஸ்டர் பொம்மை செட் கிடைக்கிறது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளை தொட்டால் உடையும், தொடாதே தொடாதே என்று டிசம்பர் முழுக்கக் கத்த வேண்டியிருக்கும். அதை அலமாரிமேல் வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒரு குடில் தனியாகச் செய்யுங்கள். 1223-இல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற மலை ஊரில் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது பொம்மை எதுவும் வைக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களின் வைக்கோல், அந்த ஊர் மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். ஆகவே நம் குடிலில் நாம் மாடு கட்டுகிற கட்டுத்தரை இருப்பதில் தப்பே இல்லை.

ஆப்பிள் வருகிற அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துகொள்ளுங்கள். சோளத்தட்டு, அதாவது சோளத் தண்டு, நாலு பிடி வேண்டும். டவுனில் இருப்பவர்கள் சந்தைக்கு வருகிற தோட்டத்துக்காரர் யாரிடமாவது சொல்லிவைத்தால் கொண்டுவந்து தருவார்கள், காசுகூட வாங்க மாட்டார்கள். சோகையை, அதாவது தட்டில் ஒட்டியிருக்கிற இலையை, பெரியவர்களே உரித்துவிடுங்கள், அதன் ஓரம் கையைக் கிழிக்கும். தட்டை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போடுங்கள், ஈரமாகக் கட்டினால் எறும்பு ஏறும், பூஞ்சை பிடிக்கும். அப்புறம் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிச் சணல் கயிற்றில் வரிசையாகக் கட்டினால் சுவர் ஆயிற்று. கூரைக்குத் தென்னங்கீற்று. வரிசையாகத் தட்டை எடுத்துக் கொடுப்பதும், கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வதும் பிள்ளையின் வேலை. பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டால் மறுபடி கட்டுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

தரைக்குப் புல் வேண்டுமே. டிசம்பர் 14, 15 வாக்கில் தேங்காய்த் தொட்டிகளில் மண் போட்டுக் கம்பு விதைக்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் முளைக்கும், கிறிஸ்துமஸுக்கு விரல் நீளப் பசும்புல் நிற்கும். தினமும் ஸ்பூனில் தண்ணீர் விடுவது நாலு வயதுப் பிள்ளைக்குக் கச்சிதமான வேலை. டம்ளரைக் கொடுத்தால் ஒரே நாளில் விதை மிதந்துவிடும்.

பொம்மைக்குக் களிமண். பானை செய்பவரிடம் ஒரு உருண்டை கேட்டு வாங்கலாம், இல்லாவிட்டால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற களிமண் கட்டி. ஆளைச் செய்யச் சொல்லாதீர்கள், கஷ்டம். மாட்டில் ஆரம்பியுங்கள். காங்கேயம் காளை என்றால் பெரிய திமில், தடித்து வளைந்த கொம்பு, இந்த இரண்டும் இருந்தால் போதும், கால் குட்டையாக இருந்தாலும் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். நிழலில் மூன்று நான்கு நாள் காய வேண்டும், வெயிலில் வைத்தால் விரியும். வண்ணம் பூசும்போது பிள்ளைக்கு ஒரு சேதி சொல்லலாம். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதம் போல ஆனதும்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். அதனால் தாய்க்குச் சாம்பல், கன்றுக்குச் செங்காவி. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு மாமனிடமும் "இது ஏன் சிவப்பா இருக்குது தெரியுமா" என்று கேட்டு வகுப்பெடுக்கும். ஒட்டகம் கேட்பார்கள். கழுத்து ஒடியும், உள்ளே ஒரு ஈர்க்குச்சியைச் செருகிவிடுங்கள். மரியாள் யோசேப்புக்கு உடுப்பு வேண்டுமென்றால் திருப்பூர்ப் பக்கம் கிலோ கணக்கில் விற்கிற பனியன் வேஸ்ட் இருக்கவே இருக்கிறது, அதைத் தைக்கவே வேண்டாம், சுற்றினாலே நிற்கும்.

தொட்டில் மட்டும் 24 ராத்திரி வரை காலியாக இருக்கட்டும். குழந்தை இயேசுவைப் பீரோவில் எடுத்துவைத்துவிடுங்கள். இந்தக் காலித் தொட்டில் செய்கிற வேலையை எந்தப் பிரசங்கமும் செய்யாது, தினமும் எட்டிப் பார்த்து "இன்னும் வரல" என்பார்கள். ஒரு பிள்ளைக்கு மேல் இருந்தால் யார் வைப்பது என்று சண்டை வரும், கண்டிப்பாக வரும். பொம்மைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் வருஷத்தையும் பெயரையும் எழுதிவையுங்கள், முறை வைத்து நடக்கும், கோர்ட்டுக்குப் போனாலும் சாட்சி இருக்கும். நல்ல காரியம் செய்தால் தொட்டிலில் ஒரு வைக்கோல் போடு என்று சில வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அண்ணன் இவ்வளவு போட்டான், தங்கை போடவே இல்லை என்று அது கணக்குப் புத்தகமாகிவிடுகிறது.

குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகளை முதலிலேயே குடிலில் வைக்காதீர்கள். ஜன்னலில் தொடங்கி, தினமும் ஒரு முழம் நகர்த்தச் சொல்லுங்கள். டிசம்பர் கடைசியில் டி.வி. ஸ்டாண்டு, புத்தாண்டுக்குச் சாப்பாட்டு மேஜை, ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளுக்குக் குடில். மத்தேயு எத்தனை பேர் என்று எழுதவில்லை, மூன்று காணிக்கை என்பதால் மூன்று பேர் என்று வைத்துக்கொண்டோம். பிள்ளை ஐந்து பேரைச் செய்துவிட்டால் ஐந்து பேரும் நடக்கட்டும்.

கதையைப் பொறுத்தவரை, ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் வேதாகமத்திலிருந்து வாசிக்காமல் வாயால் சொல்லுங்கள். லூக்கா இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை நீங்கள் படித்துவிட்டுப் பொம்மைகளைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுங்கள். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கோயம்புத்தூரிலிருந்து ஈரோட்டுக்கு வயிற்றில் பாப்பாவோடு போவது எவ்வளவு தூரம் என்று, அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஊருக்கு பஸ்ஸில் போய்க் களைத்த பிள்ளைக்கு உடனே புரியும்.

பலகாரம்

கேக் எல்லோரும் பேசுகிற விஷயம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகள் சாப்பிடுகிற கேக்குக்கு ரம் வேண்டாம், வேகவைத்தாலும் முழுக்க ஆவியாகாது. உலர்ந்த திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டியை ஆரஞ்சு சாற்றில் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் ஊறவைத்தால் போதும். ரம்மில் ஊறவைக்கிற மாதிரி மாதக்கணக்கில் வெளியே வைத்தால் புளித்துப்போகும்.

பிள்ளைகளோடு செய்ய வேண்டியது கலகலா. இரண்டு கப் மைதா, அரைக் கப் பொடித்த சர்க்கரை, இரண்டு ஸ்பூன் உருக்கிய நெய், ஒரு சிட்டிகை உப்பு. கெட்டியான தேங்காய்ப்பால் அரைக் கப் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள், எல்லாமே தேவைப்படாமல் போகலாம். பூரி மாவு பதம். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடிவையுங்கள். அப்புறம் சுண்டைக்காய் அளவு உருட்டி, நெய் தடவிய முள்கரண்டியின் முதுகில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே தள்ளினால் வரி விழுந்து சோழி மாதிரி சுருண்டுகொள்ளும். புதுச் சீப்பை வெந்நீரில் கழுவியும் செய்யலாம், எங்கள் பக்கத்தில் அம்மாயிகளுக்கு அதுதான் கை வாகு.

நாலு வயதில் முதல் பத்தும் நசுங்கும், அப்புறம் சட்டென்று பிடிபடும். பெரிசும் சிறிசுமாக வருவதால் பெரியவர்கள் உருட்டியதையும் பிள்ளைகள் உருட்டியதையும் தனித்தனி ஈடாகப் பொரியுங்கள், ஒன்றாகப் போட்டால் சின்னது கருகும், பெரியது உள்ளே மாவாக நிற்கும். தீ மிதமாக இருக்கட்டும், பொன்னிறம் வரும்போதே எடுத்துவிடுங்கள், ஆறும்போது இன்னும் கொஞ்சம் நிறம் ஏறும். அடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வரக் கூடாது, உருட்டுவது ஹாலில், பொரிப்பது சமையலறையில் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். முந்திரி, வேர்க்கடலை முழுசாகச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், புரையேறும்.

இனி தட்டு. தீபாவளிக்குத் தெருவே நமக்குப் பலகாரம் கொடுத்திருக்கும், கிறிஸ்துமஸுக்கு நாம் கொடுப்போம். கொங்கு ஊர்களில் ஒரு வீதியில் ஒரு கிறிஸ்தவ வீடு, இரண்டு வீடு என்றுதான் பெரும்பாலும் இருக்கும், அதனால் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டுதான் பாதிப் பண்டிகை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். டிசம்பரில் எத்தனை வீடுகளில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார்கள், சிலர் தைப்பூசத்துக்குப் பழனி நடக்க விரதம் ஆரம்பித்திருப்பார்கள், சிலர் எப்போதுமே சைவம். முட்டை போட்ட கேக்கைக் கொண்டுபோய் நீட்டினால் மரியாதைக்கு வாங்கிக்கொள்வார்கள், சாப்பிட மாட்டார்கள். எண்ணெயைப் புதிதாக ஊற்றி, முட்டை இல்லாமல் செய்த கலகலா, முறுக்கு, கச்சாயம் (வெல்லம் போட்டுப் பொரிக்கிற பலகாரம்), கூட இரண்டு வாழைப்பழம் வைத்து ஒரு தட்டு. கேக் கேட்டுச் சாப்பிடுகிற வீட்டுக்குத் தனித் தட்டு. தட்டைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை பிள்ளைக்கு. நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள், பேச்சை அதுவே பேசட்டும். "ஏனுங் அத்த, கிறிஸ்துமஸுக்கு எங்கம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று வாசலில் நின்று சொல்வதற்கு முன்பே வீட்டில் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள், ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு எலுமிச்சையோ போட்டுத் தருவார்கள், அதைச் சிந்தாமல் கொண்டுவருவதும் வேலையில் சேர்த்தி.

கேரல் வருகிற ராத்திரி

டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து கேரல் ரவுண்ட்ஸ், சபையார் வீடு வீடாக வந்து பாடுவார்கள். வாட்ஸ்அப்பில் எட்டு மணி என்று போட்டிருப்பார்கள், வந்து சேர்வதற்குப் பதினொன்று ஆகும். நடுவில் ஒவ்வொரு வீட்டிலும் கேக், ஒவ்வொரு வீட்டிலும் ஜெபம், என்ன செய்வது. அன்றைக்கு மத்தியானம் பிள்ளையைத் தூங்கவைத்துவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே தூங்குகிற பிள்ளையை எழுப்பவே வேண்டாம்.

எழுந்திருக்கிற பிள்ளைக்குப் பெரிய சிக்கல் கிறிஸ்துமஸ் தாத்தா. டிரம், கிதார், இருபது பேர், அதில் நடுவில் ரப்பர் முகமூடியோடு ஒரு ஆள் ஆடிக்கொண்டே உள்ளே வந்தால் எந்தப் பிள்ளை பயப்படாது? வந்தவுடன் ஆத்தா சேலைக்குள் போய்விடும். அதைப் பிடித்து இழுத்து, தூக்கிக் கொடுத்து, அழ அழ போட்டோ எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். கேரல் குழுவில் இருப்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் தாத்தா வாசலிலேயே முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். "பயப்படாதீங்க கண்ணு, நம்ம மாமாதேன்" என்று சொல்லி, பிள்ளைக்கு எதிரிலேயே திரும்பப் போட்டுக் காட்டினால் அழுகை நிற்கும், சில சமயம் முகமூடியை வாங்கித் தானும் போட்டுப் பார்க்கும்.

பிள்ளையின் வேலை, பாடி முடித்தவர்களுக்கு மிட்டாய்த் தட்டு நீட்டுவது. மார்கழிக் குளிரில் தொண்டை கட்டிப்போய் வருபவர்களுக்குக் கேக்கைவிடச் சுக்குக் காபிதான் தேவை, அதைப் பெரியவர்கள் கொடுக்கட்டும். காணிக்கைக் கவரையும் பிள்ளை கையாலேயே கொடுக்கவைக்கலாம்.

தாத்தா நிஜமா என்று ஐந்து வயதில் கேட்பார்கள். மீரா பட்டணத்தில், இப்போதைய துருக்கியில், நிக்கோலாஸ் என்று ஒரு ஆயர் இருந்தார், ஏழைகளுக்குத் தெரியாமல் உதவினார் என்று சொல்லப்படுகிறது, டிசம்பர் 6 அவருடைய நாள், அவரை நினைத்துத்தான் நம் சபை அண்ணன் வேஷம் போடுகிறார் என்று சொல்லிவிடுங்கள். என் அபிப்பிராயத்தில் அது போதும். தாத்தா ஜன்னல் வழியாக வந்தார் என்றெல்லாம் கட்டிவிட்டால் பிறகு அவிழ்க்க முடியாது.

துணி எடுப்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் ராத்திரி, செவ்வாய்க்கிழமை வாரச்சந்தைக் கூட்டத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவது வேண்டாத வேலை. விடியற்காலை ஆராதனைக்கு ஜரிகை குத்துகிற பட்டுப்பாவாடையைவிட உள்ளே ஒரு பனியன் போட்ட பருத்திச் சட்டை நல்லது, தூங்கினாலும் உறுத்தாது. 25 சாயங்காலம் பெரிய ஆலயங்களின் குடில் பார்க்கக் கூட்டிப் போகலாம். கோயம்புத்தூர் பெரிய கடைவீதியில் புனித மிக்கேல் பேராலயம், ஈரோட்டில் பிரப் நினைவு ஆலயம், சேலத்தில் நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயம். 25-ஆம் தேதி நெரிசல் தாங்காது என்றால் 27, 28-இல் போங்கள், விளக்கும் குடிலும் இருக்கும், நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம்.

டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனைக்குச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோவதில் எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. புது வருஷத்துக்கு என்று வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைக் காலை ஆராதனையிலும் எடுக்கலாம். தட்டில் கையை விட்டு அட்டையை எடுக்கிற வேலை பிள்ளைக்கு, அதை வாசித்துக் காட்டி அதன் கண் மட்டத்தில் அலமாரிக் கதவில் ஒட்டுகிற வேலை உங்களுக்கு.

லெந்து முதல் ஈஸ்டர் வரை

லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், சாம்பல் புதனிலிருந்து ஞாயிறுகளைத் தள்ளிவிட்டு எண்ணினால் நாற்பது நாள். சின்னப் பிள்ளைகளை உபவாசம் இருக்கவைக்காதீர்கள். வீட்டில் கறி இல்லை என்பதே அவர்களுக்குத் தெரிகிற அளவு. ஒரு மண் உண்டியல் வாங்கி, தினமும் ராத்திரி ஒரு ரூபாய் போடச் சொல்லுங்கள். ஈஸ்டருக்கு முந்தின நாள் உடைத்து எண்ணுவதும், யாருக்குக் கொடுப்பது என்று சொல்வதும் அவர்கள் பொறுப்பு. அவர்கள் சொல்வது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறுக்கு வாங்கி வருகிற ஓலையை மத்தியானத்துக்குள் காயவிட்டுவிடுகிறோம், அப்புறம் மடிக்க வராது. ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். சிலுவை செய்ய ஒரு விரல் அகலத்தில் ஒரு முழ நீளம் ஒன்று, அதில் பாதி நீளம் ஒன்று. நீளமானதை இரண்டாக மடித்து நிற்க வையுங்கள், குட்டையானதை அதன் நடுவில் குறுக்கே செருகி, நீளத்தின் ஒரு நுனியைச் சந்திப்பில் சாய்வாக ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் செருகினால் நிற்கும். ஓலை ஓரம் கீறும், முதலில் ஈரத்துணியால் வழித்துவிட்டுக் கொடுங்கள். பிள்ளை சந்திப்பை விரலால் அமுக்கிப் பிடிக்கட்டும். நிலைப்படிமேல் செருகிவைத்துவிட்டு அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன் ஆலயத்தில் கேட்டால் கொண்டுபோய்க் கொடுங்கள், கத்தோலிக்க ஆலயங்களில் அந்தப் பழைய ஓலையை எரித்துத்தான் அன்றைக்கு நெற்றியில் பூசுகிற சாம்பலை எடுப்பார்கள். தன் ஓலைதான் தன் நெற்றியில் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைக்கு எவ்வளவு பெருமை என்று பாருங்கள்.

பெரிய வெள்ளி கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டிய நாள். மும்மணி ஆராதனை பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, கொங்குச் சீமையின் மார்ச், ஏப்ரல் வெயில் வேறு. பிள்ளையோடு முழுவதும் உட்கார முடியாது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றோ இரண்டோ கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பாட்டில் நீர்மோர் கையில் இருக்கட்டும். சிலுவைக் கதையைச் சொல்லும்போது ரத்தம், ஆணி என்று விவரிக்க வேண்டாம். சிலுவைப்பாட்டைக் காட்டுகிற சினிமாக்களைப் போட்டுக் காட்டவே வேண்டாம், ராத்திரி தூக்கத்தில் அழும். "கெட்டவங்க கொன்னுட்டாங்க, கல்லறையில வெச்சாங்க, மூணாம் நாள் எந்திரிச்சுட்டார்" என்று முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுங்கள். பாதியில் நிறுத்தி ஞாயிறு வரை காக்கவைப்பது பெரியவர்களுக்குச் சரி, மூன்று வயதுக்குச் சரிப்படாது.

சனிக்கிழமை முட்டை வேலை. நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடையில் சாக்லேட் முட்டை வாங்குவது எனக்கு ஒப்பாது. பண்ணை முட்டை ஓடு வெள்ளையாக இருப்பதால் சாயம் அழகாகப் பிடிக்கும். பன்னிரண்டு நிமிஷம் வேகவைத்து ஆறவையுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஈரோட்டு மஞ்சள் தூளைப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு ஆறியதும் ஒரு ஸ்பூன் வினிகர். இன்னொரு பாத்திரத்தில் வெங்காயச் சருகு இரண்டு கைப்பிடி, அது செங்கல் நிறம் தரும். பீட்ரூட் துருவிப் போட்டால் ரோஜா நிறம். முட்டையின் மேல் முதலில் வெள்ளை மெழுகுவத்தியால் பிள்ளை எதையாவது கிறுக்கட்டும், சாயத்தில் அரை மணி நேரம் போட்டு எடுத்தால் கிறுக்கிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். ஒவ்வொன்றாக வெளியே வரும்போது ஒரு கூச்சல் கிளம்பும் பாருங்கள். மஞ்சள் கறை போகாது, பழைய துணி போட்டுவிடுங்கள். உலர்ந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள், இந்த வெயிலில் அவித்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் தின்னக் கொடுக்காதீர்கள்.

ஈஸ்டர் தேதி வருஷா வருஷம் மாறும், மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வரும், ஆகவே பள்ளிப் பரீட்சையோடு மோதுகிறதா என்று ஜனவரியிலேயே காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஆராதனைக்குப் பெரியவர்களில் ஒருவர் போகலாம், இன்னொருவர் பிள்ளையோடு காலை ஆராதனைக்குப் போகலாம். திரும்பி வந்ததும் சந்தகையும் (இடியாப்பம் மாதிரி பிழிகிற சேவை) தேங்காய்ப்பாலும். சந்தகைக் கட்டையை அழுத்துவது பெரியவர்கள், பாலை ஒவ்வொரு தட்டிலும் கரண்டியால் ஊற்றுவது பிள்ளை. மத்தியானம் கறி எடுப்பதைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மிச்சம் இரண்டு

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். சின்னப் பிள்ளையைக் கல்லறைக்குக் கூட்டிப் போகக் கூடாது என்பார்கள், கூட்டிப் போங்கள், பகலில் போங்கள். சத்தியமங்கலத்திலிருந்து வருகிற சம்பங்கியோ செவ்வந்தியோ ஒரு பை வாங்கிக்கொண்டால் பூ வைப்பது அதன் வேலை. தாத்தாவைப் பற்றி ஒரே ஒரு சேதி சொல்லுங்கள், என்ன சாப்பிடப் பிடிக்கும், எந்த வண்டி ஓட்டினார் என்பது மாதிரி.

விளைந்ததை ஆலயத்தில் கொண்டுபோய்ப் படைக்கிற அறுப்பின் பண்டிகை ஒவ்வொரு சபையிலும் ஒவ்வொரு மாதம் வரும். தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு முன்னால் மொட்டை மாடியில் ஒரு பழைய டப்பில் கீரை விதை தூவச் சொல்லுங்கள், இருபத்தைந்து முப்பது நாளில் பறிக்கலாம். வேரோடு பிடுங்கி, கழுவி, வாழை நாரில் கட்டிப் பிள்ளையே பீடத்துக்குக் கொண்டுபோகட்டும். ஆராதனை முடிந்ததும் மஞ்சள், தேங்காய்க் குலை, வாழைத்தார், நாட்டுக்கோழி எல்லாம் ஏலத்துக்கு வரும், அதோடு அந்தக் கீரைக் கட்டும் வரும். பத்து ரூபாய்க் கீரையை யாராவது சித்தப்பா நூறுக்குக் கேட்பார், இன்னொருவர் நூற்றைம்பது என்பார், ஒரு தரம், ரெண்டு தரம் என்று சத்தம் ஏறும்போது பிள்ளை உங்கள் முகத்தையும் கீரையையும் மாறி மாறிப் பார்க்கும். பக்கத்திலேயே பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், குஷியில் கையைத் தூக்கிவிட்டால் ஏலம் விடுகிறவர் அதையும் கேள்வி என்றுதான் எடுத்துக்கொள்வார், அடுத்து வருவது கோழியாக இருந்தால் ராத்திரி அதை எங்கே கட்டுவது என்பது உங்கள் பாடு.